கோயில் கதவைத் திறந்து விடுங்க சாமி

ஸ்தோத்திரம் சாமி. நம்ம சர்ச் காரியம் பாக்குற பங்குப் பேரவை அண்ணன்மாருக்கும் வணக்கம்.

போன முதல் வெள்ளி ஆராதனைக்கு வந்தவங்க பூட்டின கிரில் கேட்டைப் பார்த்துட்டு திரும்பிப் போனது உங்க எல்லாருக்கும் தெரியும். திருவிழா சவுண்ட் செட்டு உள்ள இறக்கி வச்சிருக்குன்னு உபதேசியார் சொன்னார், பாவம் சாவி அவர் கையிலயும் இல்லை.

ஒருநாள் விஷயம்னா விட்ருவோம். காலைப் பூசை முடிஞ்சு பூட்டுனா மறுநாள் காலையில தான திறக்குறீங்க. நம்ம பங்குல கல்யாண சமையலுக்கு காய் வெட்டப் போற பொம்பளைங்க எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியும், விடியுமுன்ன வேன் ஏறிடுவாங்க, காலைப் பூசையெல்லாம் அவங்களுக்கு கிடையாது. அதுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்த படுக்கை, வேலை முடிஞ்சு மூணு மணிக்கு இறங்குனா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த அரைமணி நேரம் தான் அவங்களுக்குன்னு இருக்கு. அதைக் கொண்டாந்து நற்கருணை நாதர்கிட்ட, அப்ப வடிவுல இருக்குற இயேசுகிட்ட குடுக்குறாங்க, எங்கன்னா வெளி வாசப்படியில, சுடுற கல்லுல தோள்ல கிடந்த துண்டை விரிச்சு முட்டி போட்டு. நற்கருணை வச்சிருக்குற பேழையை ஓரத்துப் பீடத்துக்கு மாத்துன பிறகு கேட்டுல நின்னா அதுக்கு முன்னாடி எரியுற சிவப்பு விளக்கு கூடத் தெரியாது சாமி. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடன்னு என்கிட்ட கேட்டாங்க, எனக்கு வாய் வரலை.

அதனால கேக்குறோம், தினமும் சாயங்காலம் மூணுல இருந்து ஆறு வரைக்கும் கதவைத் திறந்து வைங்க. இது எங்க ஆசை மட்டும் இல்லை, 1983 திருச்சபைச் சட்டம் 937 அதைத்தான் சொல்லுது: நற்கருணை வச்சிருக்குற கோயில், பெரிய காரணம் இல்லாட்டி, தினமும் சில மணி நேரமாச்சும் மக்கள் வந்து செபிக்க திறந்திருக்கணும்.

உண்டியல் திருட்டு பயம்னு சொல்றீங்க. சரி, உண்டியலுக்கு நேரா கேமரா போட்டாச்சு, பூட்டும் ரெண்டு. இன்னும் பயம்னா மரியாயின் சேனை செபக்குழு அக்காமார் நாங்க முறை வச்சு உக்காந்துக்குறோம், சம்பளம் வேண்டாம்.

வாசல்ல 'நற்கருணை பக்தியைப் புதுப்பிப்போம்'னு பிளெக்ஸ் கட்டியிருக்கீங்க, அதுல கார்லோ அக்குதிஸ் படம். 2006-ல 15 வயசுல செத்துப்போன பையன், தினமும் பூசை கண்டு பேழை முன்னாடி உக்காந்தவன், 2025 செப்டம்பர்ல புனிதர் ஆக்குனாங்க. நம்ம பங்குல பிறந்திருந்தா பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டை ஆட்டிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போய் செல்போன் நோண்டியிருப்பான். நம்ம ஊர்ல வருசம் பூரா பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்குற பெரிய வீடுங்க ஏற்கனவே நிறைய இருக்கு சாமி, கோயிலும் அப்படி ஆகணுமா? தேருக்கு சீரியல் லைட்டு, பிள்ளைங்க முதல்முறை நற்கருணை வாங்குற புது நன்மைக்கு டிரோன் கேமரா, இதுக்கெல்லாம் பேரவை ஒரே கூட்டத்துல முடிவெடுக்குது, ஒரு கதவு திறக்க மட்டும் 'அடுத்த கூட்டத்துல பாப்போம்'.

கொஞ்சம் கூடப் பேசிட்டேன், பொறுத்துக்கோங்க. உங்களுக்கு கிளைக் கிராமத்துப் பூசை, பள்ளிக்கூட வேலைன்னு ஓயாத அலைச்சல்னு தெரியும், நீங்க கூட உக்காரணும்னு நாங்க கேக்கலை, சாவியை மட்டும் குடுங்க. வர்ற ஞாயிறு அறிவிப்புல மூணு மணிக்கு கோயில் திறந்திருக்கும்னு ஒரு வரி சேர்த்துருங்க சாமி.

இப்படிக்கு
பங்கு மக்கள்ல ஒருத்தி