கிரீஸ் அல்ல, ஆயில்

அன்புள்ள மதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். வண்டி பக்கத்தில் நீ மட்டும் நிற்கிறாய். படம் எடுத்தவர் மாப்பிள்ளையாக இருக்கும் என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. சரி, வண்டிக்கு வருகிறேன்.

உன் டிரையம்ஃப் ஹெரால்டு 1200 நல்ல கார். நீ குடியிருக்கும் கவென்ட்ரியில், கேன்லி தொழிற்சாலையில் செய்ததுதான். ஆனால் நாலு கதவு ஹெரால்டை அவர்கள் செய்ததே இல்லை. அது நம் சென்னை ஸ்டாண்டர்டு வண்டிக்கு மட்டும் உள்ள பெருமை, யாராவது பேசினால் சொல்.

முதல் வேலை முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது டிரனியன் என்கிற பித்தளைக் கூட்டுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றுகிறது. அதற்கு கியர் ஆயில் 90 மட்டும்தான் போக வேண்டும். கிரீஸ் அல்ல. டிரனியனில் உள்ள சின்ன பிளக்கைக் கழற்றி, ஆயில் அடிக்க ஒரு நிப்பிள் போடு. ஒரு புது கிரீஸ் கன்னில் ஆயிலை ஊற்றி, மரையின் மேல்பக்கம் ஆயில் கசியும்வரை அடி. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டு மறுபடி அடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிரீஸ் மரைக்குள் ஓடாது. காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்கித் துரு பிடிக்கும், தண்டு மரை தொடங்கும் இடத்தில் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிவிடும். முன்கூட்டி ஒரு சத்தமும் வராது, அதுதான் மோசம்.

நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2018 முதல் அங்கே வருடாந்திரச் சோதனை கட்டாயம் இல்லை என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் நீதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிராங்க், எஞ்சினுக்குள் சுழலும் தண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க வேண்டும், இன்னொருவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி முன்னே நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு அசையலாம். அதற்கு ரொம்ப மேலே போனால் ஓட்டாதே. வாஷர் கழன்று அடியில் உள்ள ஆயில் தொட்டியில், சம்ப்பில், விழும், அப்புறம் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைத்துவிடும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்கும் பழக்கத்தை விடு. இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய முடியாது. மாப்பிள்ளையை மிதிக்கச் சொல்.

இனி இடைவெளிகள். டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 10, பாயின்ட் 15, பிளக் 25. எல்லாம் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் தகட்டில் உள்ள எண், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. டாப்பெட்டுக்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். பெட்ரோல் எத்தனால் குறைந்த இ5 போடு, எத்தனால் கூடிய இ10 பழைய ரப்பரைத் தின்னும். ஈர ரோட்டு வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதே. பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும்.

படத்தில் பின்னால் இருப்பது பழைய உல்வொர்த்ஸ் கட்டடமா? அமெரிக்காவில் 1879-ல் ஐந்து சென்ட் கடையாகத் தொடங்கி, 1909-ல் லிவர்பூலுக்கு வந்தது. அங்கே மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ் கடை. இரண்டாம் உலக யுத்தம் வரும்வரை ஆறு பென்ஸுக்கு மேல் எந்தப் பொருளும் கிடையாது. விலை அதற்குள் அடங்காவிட்டால் சட்டி தனி, மூடி தனி என்று பிரித்து விற்றார்கள். கெட்டிக்காரர்கள். நம் மூர் மார்க்கெட் இதற்கு நேர் எதிர், சொன்ன விலையில் பாதியிலிருந்துதான் பேச்சே தொடங்கும். அது 1985 தீயோடு போனது. உல்வொர்த்ஸின் கடைசிக் கடைகள் 2009 ஜனவரி 6-ல் மூடின. உனக்குப் பழைய கடை, பழைய டப்பா எல்லாம் பிடிக்கும், தெரியும். சீல் உடைக்காத பழைய பெட்டியில் பார்ட்ஸ் கிடைத்தால் கண்ணாடி, பித்தளை, இரும்பு வாங்கு. ரப்பர் வாங்காதே. பிரேக் வாஷர், ஹோஸ் எல்லாம் பெட்டிக்குள்ளேயே செத்திருக்கும். உன் வண்டிக்கு பிரேக் ஒரே லைன், ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்று. காற்றெடுக்க அதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

டிரனியனுக்குக் கிரீஸ் வேண்டாம் என்று சொன்னேனா? மறுபடி சொல்கிறேன். ஏனென்றால் நீ பார்த்தது கிரீஸ்தான். தம்பி கையில் ஸ்பானரைக் கொடுத்தேன், உன் கையில் விளக்கை மட்டும் கொடுத்தேன். அந்த வெளிச்சத்தில் நான் அடித்ததெல்லாம் கிரீஸ். ஆயில் என்று எனக்குத் தெரியும் மதி. ஆயில் அடித்தால் தரையில் சொட்டும், லீக் என்று ஓனர் திரும்பி வருவார். கிரீஸ் சொட்டாது. டாக்டர் வண்டிச் சக்கரம் மடங்கியபோது ரோட்டுக் குழியால்தான் என்று சொன்னேன், அவரும் நம்பினார். நீ பக்கத்தில் நின்றாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதட்டியிருப்பேன். இப்போது அதட்ட மாட்டேன். எதைச் சொன்னாலும்.

எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான். என் ஃபில்லர் கேஜைக் கொடுத்து அனுப்புகிறேன், துடைத்து ஆயில் தடவி வைத்திருக்கிறேன். புல்லி அசைந்ததா என்று எழுது. கிளட்சை யார் மிதித்தார்கள் என்றும் எழுது.

அப்பா