கிணற்றடிச் சில்வண்டு

தேவதானம்,
வைகாசி 12.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, நீயே உன் கையால் எழுதியிருப்பதைக் கண்டு மனம் நிறைந்தது. நான் பதில் எழுதத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதத்தில், தென்னந்தோப்புகளில் மருந்தடித்து மருந்தடித்து நம் பக்கத்தில் சில்வண்டுகளே இல்லாமற்போய்விட்டன என்றும், கோடைக்காலத்து இரவுகள் பழைய இரவுகளாக இல்லை என்றும் உனக்கு எழுதியிருந்தேன். நீயும் அதை நம்பி வருந்தினாய். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். இம்முறை தீர விசாரித்த பிறகுதான் எழுத வேண்டும் என்று பொறுத்திருந்தேன்.

சித்திரை பிறந்த வாரத்தில் பேத்தி பள்ளி விடுமுறைக்கு வந்தாள். எட்டு வயது ஆகிறது. மாடியில் நார்க்கட்டிலில் என் பக்கத்தில் படுத்திருந்தவள், "தாத்தா, கிணத்துப் பக்கம் கத்துதே, அது என்ன பூச்சி?" என்று கேட்டாள். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. அவள் விடவில்லை, என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றாள். துவைகல்லை நெருங்கியதும், "நிறுத்திருச்சு" என்றாள். நான்கு அடி பின்னால் வந்து அசையாமல் நின்றோம். "இப்போ மறுபடியும்" என்றாள். அது கத்தியபோதும் நிறுத்தியபோதும் எனக்கு ஒரே நிசப்தமாகத்தான் இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் மகன் என்னை மதுரைக்கு அழைத்துச் சென்று காதைப் பரிசோதிக்கச் செய்தான். அங்கே ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். தாழ்ந்த ஒலிகளுக்குரிய இடது பக்கத்தில் ஓரளவு சமமாகச் சென்ற கோடு, 4000 ஹெர்ட்ஸ் என்று குறித்திருந்த இடத்தில் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கி, அதற்கப்பால் சிறிதே ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் பரிசோதித்த பெண் கேட்ட முதற்கேள்வி, "ஐயா எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்பதுதான். நூற்பாலை என்றேன். அவர் தலையசைத்தார்.

ஆண்டுக்கணக்கில் பேரிரைச்சலில் இருப்பவர்களுக்கு, உட்செவியில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை வாங்கும் நுண்மயிர் அணுக்களே முதலில் சேதமாகின்றன என்றும், மனிதரில் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை என்றும் அவர் விளக்கினார். பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது இது: தரையில் வாழும் சில்வண்டுகளில் பலவும் ஒலிப்பது ஏறத்தாழ 4000 முதல் 5000 ஹெர்ட்ஸ் அளவில்தான். நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரப் பகுதியில் 31 ஆண்டுகள் நான் எதைக் கொடுத்துவிட்டு வந்தேனோ, அதைத்தான் ஓய்வுபெற்ற பிறகு தோட்டத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நாம் இருவரும் கைச்சாடையிலும் உதட்டசைவிலும் பேசிக்கொண்டதும், கழிவுப் பஞ்சைச் சுருட்டிக் காதில் திணித்துக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். காதை மூடி வேலை செய்ய முறையான உறைகள் உண்டென்று அன்று நமக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை என் மனத்தில் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக என் காதுக்குள் ஓர் இரைச்சல் உண்டு. காதுக்குள் வண்டு கத்துகிறது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுவேதான். அது பகலிலும் ஒலிக்கும், மார்கழியிலும் ஒலிக்கும். எவ்வளவு அருகில் சென்றாலும் காலடிக்கு அஞ்சி நிற்பதில்லை. மெய்யான சில்வண்டோ தரையின் அதிர்வை உணர்ந்ததும் அடங்கிவிடும். நான் அதன் குரலை மறந்துபோகும் அளவுக்கு, போலிக் குரலோடு பழகிவிட்டிருந்தேன்.

காதுக்குக் கேட்புக் கருவி பொருத்திய முதல் நாளில் செய்தித்தாளைப் புரட்டும் ஓசையும் சட்டியில் கடுகு வெடிப்பதும் கூடக் கூசின. அன்று மாலை ஆவலோடு மாடியில் உட்கார்ந்தேன்; சில்வண்டு மட்டும் கேட்கவில்லை. பேத்தி கேட்கிறது என்கிறாள், எனக்கு இல்லை. மீண்டும் மதுரைக்குச் சென்று சொன்னேன். ஒரே சீராகத் தொடரும் ஒலியை இக்கருவிகள் தேவையற்ற இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடுமாம். தனிச்சுரமாக நீளும் ஒலியைக் கருவியின் சொந்தச் சீழ்க்கை என்று தவறாகக் கருதி அடக்குவதும் உண்டாம். அந்தப் பெண் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அவற்றைத் தளர்த்தி, மாலைக்கென்று தனியாக ஓர் அமைப்பைச் செய்து கொடுத்தார். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும்.

நண்பா, அன்று மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பாக, கதிரவன் மலைக்குப் பின்னால் மறைந்து, மாந்தோப்பில் சில்வண்டினின்று வேறான சிள்வண்டுகளின் நீண்ட இரைச்சல் ஓய்ந்துகொண்டிருந்த வேளையில், கிணற்றடியில் அது ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு இடைவிட்டு இன்னொரு முறை. நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்குப் பேச்சு வரவில்லை. சிறிது நேரத்தில் விறகடுக்கிலிருந்து ஒன்றும், குளியலறைச் சுவரிலிருந்து நம் அம்மாக்கள் சுவர்க்கோழி என்று சொல்வார்களே அதுவும், வேலிப் புதரிலிருந்து இடைவெளியே இல்லாமல் இழையும் மெல்லிய குரல் ஒன்றும் சேர்ந்துகொண்டன. பக்கிக்குருவியும், புள்ளி ஆந்தைகளின் சண்டையும், விடியுமுன் கூவும் குயிலும் கருவி இல்லாமலே இத்தனை நாளும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் அடியில் விரிந்திருந்த பாய்தான் என் காதிலிருந்து உருவப்பட்டிருந்தது.

ஆண் வண்டு ஒரு முன்சிறகின் அடியிலுள்ள அரம் போன்ற பல்வரிசையை மற்றச் சிறகின் விளிம்பால் உரசி ஒலிக்கிறது. பெண் வண்டு அதைத் தன் முன்னங்கால்களில் உள்ள செவிகளால் கேட்கிறது. பகலில் மரத்தில் இரையும் சிள்வண்டோ சிறகை உரசுவதில்லை. வயிற்றின் இரு பக்கமும் உள்ள சவ்வை அதிரச் செய்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து நாம்தான் குழப்பிக்கொண்டோம். தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் ஒரு வகைச் சில்வண்டைப் பற்றி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து சொன்ன செய்தி என்னை மிகவும் நெகிழ்த்தியது. அதன் ஆண் வண்டு இலையில் துளை கடித்து, அத்துளையில் இருந்துகொண்டு ஒலிக்கும். இலை ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். உருவில் சிறியனவும் குரல் மெலிந்தனவுமே பெரும்பாலும் இந்த வழியை நாடுகின்றன. குறையுள்ளது தனக்கு ஓர் இலையைத் தேடிக்கொள்கிறது. கருவியை மாட்டிக்கொள்ள எனக்கிருந்த வெட்கம் அதைப் படித்த அன்று போய்விட்டது.

வெப்பம் கூடினால் வண்டு விரைந்து ஒலிக்கும் என்பதை 1897இல் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்காகவே எழுதினார். அவருடைய எண்கள் அந்நாட்டு வண்டுக்கு உரியவை. நம் கிணற்றடி வண்டுக்குப் பொருந்தா. ஆனாலும் பேத்தியும் நானும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினோம். புழுக்கமான இரவைவிடக் கோடைமழை பெய்து குளிர்ந்த இரவில் அது தெளிவாகவே நிதானித்தது.

அந்த மழையிரவுதான் எனக்கு வேறொன்றையும் உணர்த்தியது. தவளைகளின் குரல் தாழ்ந்த சுருதி உடையது. என் காது இன்றும் நன்றாக வாங்கும் பகுதியைச் சேர்ந்தது. நம் சிறுவயதில் கோடைமழைக்கு மறுநாள் கண்மாய்க்கரையில் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இப்போது இரண்டோ மூன்றோ குரல்கள்தாம் எழுந்தன. பேத்தியையும் கேட்டேன், அவளுக்கும் அவ்வளவே. கண்மாயின் கீழ்க்கரை மனைகளாகிவிட்டது. எஞ்சியதில் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது. ஆகவே சில்வண்டுகளைப் பற்றி நான் எழுதியது பிழை. தவளைகளைப் பற்றி எழுதியிருந்தால் அது பிழையாகியிருக்காது. அதை ஊராரிடமும் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

நீயும் என்னோடு 27 ஆண்டுகள் அதே இரைச்சலில் நின்றவன். உங்கள் ஊரில் மாலையில் ஒன்றும் கேட்பதில்லை என்று நீ எழுதியிருப்பதை நான் அப்படியே நம்பத் தயாராக இல்லை. கண்ணைப் பார்த்துக்கொண்டாய், காதையும் ஒருமுறை காட்டிவிடு. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பார்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். கிணற்றடி வண்டு இருக்கிறதா என்று தினமும் தொலைபேசியில் விசாரிக்கிறாள். நேற்றுத் தொலைபேசியைத் துவைகல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். அவள் பக்கம் எதுவும் கேட்கவில்லையாம். ஆனியில் சாரல் தொடங்குவதற்குள் நீ புறப்பட்டு வா. மாடியில் இரண்டு கட்டில்கள் போட்டிருக்கிறேன். ஆறரை மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

உன் அன்பு நண்பன்.