கோட்டயம் புஷ்பநாத்தை விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் தமிழ்த் துப்பறியும் நாவல்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என்று வரிசை சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் தமிழ் வாசகர் கையில் தாராளமாகப் புழங்கிய இன்னொரு பெயர், மலையாளத்தில் எழுதியவர் என்பதாலோ என்னவோ, அதில் ஓரிடத்திலும் இல்லை. கோட்டயம் புஷ்பநாத்தைச் சொல்கிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் முப்பது ஆண்டுகள் தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.

1938-இல் பிறந்த புஷ்பநாத், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். 1960-களின் பிற்பகுதியில் ‘சுவன்ன மனுஷ்யன்’ (சிவப்பு மனிதன்) என்ற நாவலோடு துப்பறியும் கதைக்குள் நுழைந்த அவர், அடுத்த சில பத்தாண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். கோட்டயத்திலிருந்து வெளிவந்த வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்ற நாட்கள் அவை. ஒரே சமயத்தில் பல இதழ்களுக்கு அவர் தொடர்கதை கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய துப்பறிவாளர்கள் இருவர்: வெளிநாட்டு வழக்கென்றால் மார்க்சின் வருவார், நம் நாட்டு வழக்கென்றால் புஷ்பராஜ் வருவார். சங்கர்லாலுக்குத் தேநீர் எப்படியோ அப்படி மார்க்சினுக்கு ‘ஹாஃப் எ கொரோனா’ சுருட்டு. லண்டன் தெருக்களையும் கார்ப்பாத்தியன் மலைகளையும் நேரில் போய்ப் பார்த்தவர்போல விவரித்த அந்த மனிதர், அங்கெல்லாம் போகாமலேயே, பத்திரிகைகளையும் புத்தகங்களையும் படித்தே அவ்வளவையும் எழுதினார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு அவர் முதலில் அறிமுகமானது காதின் வழியாக. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடைக்கு வார இதழ் வரும் நாளில், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து தொடரை உரக்கப் படிப்பார். சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேர் தோட்டத்து வேலைக்கும் கள் இறக்கவும் போகும் தமிழர்கள். மலையாளம் பேசினால் புரியும். ஆனால் எழுத்துநடையில் வரும் வடமொழிச் சொற்கள் இடறும். யாராவது முகத்தைச் சுளித்தால், படிப்பவர் அங்கேயே நிறுத்தி அந்த வரியைத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போவார். கொலையாளியின் நிழல் கதவில் விழுந்த இடத்தில் ‘தொடரும்’ என்று முடித்து அவர் இதழை மடக்கும்போது, “அப்புறம் என்னாச்சுங்க?” என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரும்வரை அதையேதான் பேசிக்கொண்டிருப்பார்கள். புஷ்பநாத்தின் நாவல்கள் தமிழில் அச்சாகிப் பொள்ளாச்சிக் கடைகளில் எனக்குக் கிடைத்தது அதற்கும் பின்னால். எங்களைப் பொறுத்தவரை மொழிபெயர்ப்பு முன்னமே நடந்து முடிந்திருந்தது.

அவருடைய எழுத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வாராவாரம் பக்கம் நிரப்ப வேண்டிய அவசரம் பல நாவல்களில் தெரிகிறது. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் அலறுவதற்கென்றே வருகிறார்கள். துப்புத் துலக்கிக்கொண்டு போகிற கதை திடீரென்று மந்திரவாதத்துக்குள் சாய்ந்துவிடுவதும் உண்டு. இத்தனையும் தாங்கள் பட்டியலிட்ட நம் எழுத்தாளர்களில் சிலருக்கும் பொருந்தும். குறையைக் காரணம் காட்டி அவர்களை யாரும் விலக்கவில்லையே.

நான் இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் உறுப்பினராக இருக்கும் ஒரு வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) தமிழுக்கென்று ஓர் அலமாரி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பழைய புத்தகங்களைக் கழித்தபோது, இருப்புப் பதிவேட்டில் புஷ்பநாத்தின் தமிழ் நாவல்கள் அத்தனைக்கும் நேராகச் சிவப்பு மையில் ‘சேதம்’ என்று எழுதிக் கோடிட்டிருந்தார்கள். பழைய பேப்பர்காரரின் சாக்கிலிருந்து இரண்டை எடைக்கு விலை கொடுத்து மீட்டு வந்தேன். இரண்டுக்கும் அட்டை இல்லை. ஆனால் பின்பக்கத்தில் தேதித்தாள் இருந்தது: ஒரு தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பி, மூன்றாவதிலும் பாதிவரை ஊதா முத்திரைகள். அதே அலமாரியில் இன்றும் மெருகு குலையாமல் இருக்கும் ஒரு கட்டுரைத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டே முத்திரைகள், அதில் ஒன்று நான் எடுத்தது. ஆக, படிக்கப்பட்டதால் கிழிந்தது வெளியே போகிறது. யாரும் தொடாததால் நல்ல நிலையில் இருப்பது உள்ளே நிலைக்கிறது. கிழிந்ததற்குப் பதில் புதுப்பிரதி வாங்கச் சொன்னால், அந்தப் பெயரை எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லையே என்கிறார்கள். தங்கள் கட்டுரையின் விடுபடல் என்னைத் தைத்ததற்குக் காரணம் இதுதான்.

மலையாளத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 2018 மே 2-ஆம் தேதி புஷ்பநாத் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் புகைப்படக் கலைஞரான மகன் சலீமையும் அவர் இழந்திருந்தார். பின்னர் குடும்பத்தினரே பதிப்பகம் நடத்தி அவருடைய நாவல்களை மறுபடி அச்சில் கொண்டுவந்தார்கள். புது அட்டையோடு அவற்றை வாங்கிப் படிக்கும் இளைஞர்களை இங்கே பார்க்கிறேன். அவர்களில் சிலர் என்னிடம் தமிழ் படித்தவர்கள்.

எனவே அடுத்த இணைப்பிதழில் ஒரு சிறு குறிப்பாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழில் வந்த அவருடைய நாவல்கள் எவை, எந்த ஆண்டில் வந்தன, மொழிபெயர்த்தவர்கள் யார் என்ற பட்டியலைத் தங்கள் வாசகர்களிடமே கேட்டுத் தொகுக்கலாம். கோவையிலும் பொள்ளாச்சியிலும் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்கக்கூடியவர்கள் இன்னும் இருப்பார்கள். என்னிடமுள்ள இரண்டு பிரதிகளையும் படமெடுத்துக்கொள்ளத் தருவதற்குத் தயாராக இருக்கிறேன். திருப்பித் தரும் தேதியை மட்டும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.