நாற்காலி தூக்கியவர்களுக்கும் கதவைச் சாத்தியவருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகள் பிறந்து இன்றோடு 76 நாள்கள் ஆகின்றன. அவள் பிறந்த வாரத்திலேயே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நன்றியோடு கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும் கூடவே வந்து நின்றதால், நாளை நாளை என்று தள்ளிப் போட்டுவிட்டேன். நான் குலசேகரத்துக்கு அருகில் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் தொழிலாளி. என் மனைவி பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். ஆகவே எழுத்து என்னுடையது, பிழைதிருத்தம் அவருடையது. பிரசவ அறைக்குள் நடந்ததை மட்டும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியிருக்கிறேன். யார் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. பலருடைய பெயரை அன்று கேட்டு வைத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை. பெயர் தெரிந்த சிலரோ எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நன்றி எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு. என் மனைவியின் ரத்த வகை ஓ நெகட்டிவ் என்பதைத் தாய் சேய் நல அட்டையின் மேற்புறத்தில் சிவப்பு மையால் எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டமும் போட்டவர் அவர். தாய்க்கு நெகட்டிவ் ரத்தமும் பிள்ளைக்குப் பாசிட்டிவ் ரத்தமும் அமைந்துவிட்டால், பேற்றின்போது பிள்ளையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலந்து, அதை எதிர்க்கும் பொருள் அங்கே உருவாகி, அடுத்த கருவைப் பாதிக்கக்கூடும் என்பதை ஒரு மாலை நேரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் புரியும்வரை விளக்கினார். 28ஆவது வாரத்தில், அதைத் தடுக்கும் ‘ஆன்டி டி’ ஊசி போடச் செய்தார். ஓ நெகட்டிவ் உடையவருக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் மட்டுமே ஏற்ற முடியும் என்பதால், கொடுக்கக்கூடியவர்களை முன்கூட்டியே பார்த்து வைக்கும்படி ஒவ்வொரு முறையும் சொன்னார். பேற்றுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். நாங்கள் அதைக் கேட்கவில்லை. காசு செலவழித்தால் கவனிப்புக் கூடும் என்று உறவினர் சொன்னதை நம்பி, ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம்.

இடவப்பாதி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஜூன் மாதத்து இரவில், 36 வாரமே முடிந்திருந்த நிலையில், மூன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். குறைமாதப் பிள்ளையைப் பார்க்கக் குழந்தை மருத்துவர் இல்லை, நெகட்டிவ் ரத்தமும் இல்லை, ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுபோங்கள் என்று பதில் வந்தது. இருப்பதை இருப்பதாகச் சொன்னார்கள், அதில் குறையில்லை. ஏழாம் மாதத்திலேயே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்றும் உண்டு.

108 ஊர்தி தார்ச் சாலையில் வந்து நின்றது. எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக ரப்பர் மரங்களுக்கிடையே ஓர் ஒற்றையடிப் பாதைதான்; மழையில் சேறாகிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான், மழை சற்று ஓய்ந்ததைப் பார்த்து வெட்டுக்குப் புறப்பட்ட என் தோழர்கள் நால்வர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவ்வழியே வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டாவின் கைப்பிடி வைத்த மர நாற்காலியை ஒருவர் எடுத்து வந்தார். என் மனைவியை அதில் உட்காரவைத்து, ஒரு சேலையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, நால்வரும் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் இருந்தவர் ஒவ்வோர் அடியிலும் “வேர், வேர்” என்று சொல்லிக்கொண்டே போக, பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் காலை உயர்த்தி வைத்தார்கள். அன்றைய வெட்டுக் கூலியை நால்வரும் இழந்தார்கள் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்தே தெரிந்தது.

ஊர்தியில் இருந்த மருத்துவ உதவியாளர் தம்பி, என் மனைவியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு, அட்டையிலிருந்த சிவப்பு எழுத்தைக் கண்டதும் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை வழியான சாலையின் குழிகளைப் பற்றி இம்மாவட்டத்தாருக்கு நான் எழுத வேண்டியதில்லை. அக்குழிகள் ஒவ்வொன்றையும் மனப்பாடமாக அறிந்து, வேகத்தையும் குறைக்காமல் வண்டியை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டிய ஓட்டுநர் அண்ணனுக்கு எங்கள் வணக்கம்.

இனி வருவது என் மனைவி சொன்னது:

“அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்பதால் என் மயினி (அண்ணி) கூடவே இருந்தார். இரண்டு பெற்றவர், ஆனாலும் அன்று என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். என்னைத் தேற்றியதோடு அவரையும் தேற்ற வேண்டிய பொறுப்பு செவிலியர்மீது விழுந்தது. நண்பகலுக்குமேல் வலி விடாமல் வந்தபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளர் அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரத்துணியால் என் உள்ளங்கால்களை ஒற்றி எடுத்தார். அது அவருடைய வேலை இல்லை. காலைப் பணி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய செவிலியர் ஒருவர், கைப்பையைத் தோளில் மாட்டியபின் என்னைத் திரும்பிப் பார்த்து, பையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் கையுறை போட்டுக்கொண்டார். ‘இப்ப முக்கு மக்களே, இனி ஒண்ணுதான்’ என்று அவர் ஐந்து முறையாவது சொல்லியிருப்பார். ஐந்தும் பொய். அவற்றை நம்பித்தான் நான் பெற்றேன்.

மாலை 3.40க்கு அவள் பிறந்தாள். அழவில்லை. சூடான துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினெட்டு எண்ணியபோது அழுதாள். என் மார்பில் போட்டார்கள். அதன்பின் அறையில் எல்லோரும் வேகமாக நடக்கத் தொடங்கியதும், என் அடிவயிற்றை ஒருவர் விடாமல் அழுத்திப் பிசைந்துகொண்டிருந்ததும், எனக்குக் குளிர் எடுத்ததும் நினைவிருக்கின்றன.”

பிள்ளை வெளிவந்ததும் கருப்பை சுருங்கி இறுக வேண்டும். இறுகினால்தான் ரத்தம் நிற்கும். அவருக்கு அது இறுகவில்லை. வெட்டிய மரத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் பால் நிற்க வேண்டும், நிற்காமல் வடிந்தால் மரத்துக்கு ஆகாது என்பது என் தொழிலில் முதல் பாடம். பின்னர் மருத்துவர் விளக்கியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அன்று வெளியே நின்ற எனக்கோ எதுவும் தெரியாது. பெண்பிள்ளை என்ற செய்தி வந்தபின் முக்கால் மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. கதவு திறந்தபோது, கையில் ஒரு தாளோடு நின்ற செவிலியரைப் பார்த்து, “உள்ளே என்னதான் செய்றீங்க? கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சீங்களா?” என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் அந்தத் தாளை என் கையில் வைத்து, “ரத்த வங்கிக்கு ஓடுங்கண்ணே. இப்ப கை ஒழியல, கை ஒழியட்டும், பேசலாம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவருடைய மேலங்கியின் இரண்டு கைகளும் முழங்கைவரை நனைந்திருந்தன. அது என் மனைவியின் ரத்தம் என்பதும், அவ்வளவு நேரமும் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதும் ரத்த வங்கிக்கு ஓடும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் ஒரு பை இருந்தது, உடனே கொடுத்தார்கள். இரண்டாவதற்கு, எங்கள் கிராம சுகாதார செவிலியர் சொல்லி நான் அரைமனதாக எழுதி வைத்திருந்த எண்களில் ஒன்று பதிலளித்தது. அவர் குளச்சல் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி. நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருந்தார். மற்ற மாதமாக இருந்தால் ஆழ்கடலில் இருந்திருப்பார். கொட்டும் மழையில் பைக்கில் வந்து சேர்ந்து, தலையைத் துவட்டக்கூட நேரம் கொடுக்காமல் படுக்கையில் படுத்தார். அவர் கொடுத்த ரத்தம் பரிசோதனைகள் முடிந்து அன்றிரவு என் மனைவிக்கு ஏறியது. பெட்ரோலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் நீட்டிய பணத்தை என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்துவிட்டு, ஒரு சாயா மட்டும் குடித்துப் போனார். தடைக்கால வருமானம் எவ்வளவு என்று கடலோர ஊர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறந்தபோது மகளின் எடை 2.1 கிலோ. சர்க்கரை அளவு குறைந்ததால் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் இருந்தாள். அங்கிருந்த செவிலியர், தாய் எழுந்து வரும்வரை தகப்பன் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னபோது எனக்குக் கூச்சம். கூச்சத்தைவிடப் பெரிய கவலை, எவ்வளவு குளித்தாலும் போகாத ரப்பர் பால் வாடை. மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தேன். தொப்பியும் காலுறையும் மட்டும் போட்ட பிள்ளையை, மரத்தைப் பற்றிக்கொள்ளும் தவளைபோல என் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஒரு கைக்குள் அடங்கும் முதுகு. என் மனைவி சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சித் தந்த சீம்பாலைப் பாலாடையில் புகட்டவும் அவரே கற்றுத்தந்தார். பிள்ளையின் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று தெரிந்ததும், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ‘ஆன்டி டி’ ஊசியை மருத்துவமனையில் போட்டார்கள். போட்டாயிற்றா என்று எங்கள் கிராம சுகாதார செவிலியர் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டார். “நான் அப்பவே சொன்னேனே” என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை.

வீடு திரும்பியபின் பேற்று மருந்து இடித்துக் கொடுத்து, நாற்பது நாளும் என் மனைவிக்கு வேது வைத்துக் குளிப்பாட்டிய அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் நன்றி. பிறந்த பிள்ளையின் நாவில் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனை கூடாது, தாய்ப்பால் மட்டும்தான் என்ற மருத்துவமனைக் கட்டளையை முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொண்டார். தாம் சேனை வைக்காததால் பிள்ளை யாருடைய குணத்தைக் கொண்டு வளருமோ என்ற கவலை மட்டும் அவருக்கு இன்னும் தீரவில்லை.

கதவருகே நின்ற செவிலியர் அவர்களுக்கு: அன்று நான் பேசிய பேச்சுக்கு, எந்த வராந்தாவில் நின்று கத்தினேனோ அதே அளவு சத்தமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் பொதுமடலாக எழுதினேன். வீட்டுக்கு வரும் முன் உங்களைத் தேடினேன். வேறு வார்டுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். மகள் இப்போது நான்கு கிலோ இருக்கிறாள். அடுத்த மாதம் பரிசோதனைக்காக அவளை ஆசாரிபள்ளத்துக்குக் கொண்டுவருவோம். உங்களுக்குக் கை ஒழிந்திருந்தால், பேசலாம்.

இப்படிக்கு,
குலசேகரம் அருகிலிருந்து
ஒரு பால்வெட்டுத் தொழிலாளியும் அவர் மனைவியும்