நூல் கட்டுற அண்டைக்கு

வவுனியா
ஞாயிறு இரவு

டேய் மச்சான்,

உன்ரை மூண்டு மெசேஜுக்கும் பதில் போடேல்லை எண்டு கோவமாய் இருப்பாய். கட்டைவிரலாலை தட்டி முடியிற கதையில்லை இது. இஞ்சை எல்லாரும் சுகம். பெரியவருக்குச் சீனி கூடிப்போச்சு, ஆனா லட்டை விடமாட்டாராம்.

சரி, கனடாவிலை உங்கடை சங்கம் வீடு கட்டிக் குடுக்கப்போற கதைக்கு வாறன். டித்வா புயலிலை வீடிழந்த மலையகத் தோட்டத்துச் சனத்துக்கு 12 வீடு, ஒரே கொந்துறாத்துக்காரன் (ஒப்பந்தக்காரன்), மூண்டு மாசத்திலை திறப்புவிழா. நாடா வெட்ட நீ கோட்டோடை வருவாய், தலைவர் மைக்கை விடமாட்டார். கையெழுத்து வைக்க முதல் இதை வாசி.

போருக்குப் பிறகு இந்தியா தந்த 50,000 வீட்டிலை முதல் 1,000ஐயும் கொந்துறாத்துக்காரர்தான் கட்டினவை. அதுக்குப் பிறகு வடக்கு கிழக்கிலை பயனாளியே நிண்டு தன்ரை வீட்டைக் கட்டுவிக்கிற முறைக்கு மாத்திச்சினம். அப்ப புது வீட்டுக்கு 550,000 ரூபா, 550 சதுர அடி. வேலை எந்த மட்டத்திலை நிக்குதெண்டு பாத்து, கட்டங்கட்டமாய்ப் பயனாளியின்ரை வங்கிக் கணக்குக்கே காசு போச்சுது. ஐ.நா.வின்ரை குடியிருப்பு அமைப்பு யூ.என். ஹபிடாட், செஞ்சிலுவை மாதிரி ஆக்கள் தொழில்நுட்ப ஆலோசனைக்கு. தன்ரை வளவிலை இறங்கிற சீமெந்துப் பையை எண்ணாத மனுசி எங்கை இருக்கிறா? அந்தக் காவலுக்கு நீங்கள் சம்பளம் குடுக்கத் தேவையில்லை.

ஆனா அதிலையும் சனம் கடன்பட்டது, ஏனெண்டு கேள். அத்திவாரம் வெட்ட நிலத்திலை அளந்து நூல் கட்டுற அண்டைக்கே பிழை தொடங்கும். "அத்திவாரம்தானே, ரெண்டடி கூட்டிப் போடுவம், பிள்ளையளுக்கு ஒரு அறை." அந்த ரெண்டடி சுவரிலை ஏறும், கூரையிலை ஏறும், கதவு யன்னலுக்கு மேலை வாற லின்டல் மட்டத்திலை காசு நிண்டுபோகும். பிறகு காப்பு அடகுக்கடைக்கு. அத்திவாரம் முடிஞ்சாப் பிறகு எந்த எஞ்சினியர் வந்தும் பிரயோசனமில்லை. உங்கடை மேற்பார்வைக் காசிலை பாதியை அந்த ஒருநாளுக்கே செலவழியுங்கோ. அறை கட்டாயம் வேணுமெண்டால் வரைபடத்திலை இடம் விட்டு, பிறகு இணைக்கச் சொல்லு.

அடுத்தது மணல். ஒரே நேரத்திலை ஊர் முழுக்கக் கட்ட வெளிக்கிட்டால் மணல் பெர்மிற் இழுபடும், மேசன்மாரின்ரை கூலி ஏறும். முதல் தவணைக்கு முன்னமே மணலுக்கு வழி பாருங்கோ. சீமெந்துக்கல்லு அரிஞ்சால் நிழலிலை வைச்சு ஏழு நாளாவது தண்ணி விடவேணும். ஒரு கல்லை இடுப்பு உயரத்திலை இருந்து விழுத்திப் பார். உடைஞ்சால் அந்த அடுக்கையே வாங்காதை. ஆம்பிளை இல்லாத வீடுகளுக்கு மண் வெட்ட, கல்லுச் சுமக்கக் கூலி தனியாய் ஒதுக்கு. இல்லாட்டி அவைதான் கடைசியாய் நிப்பினம்.

2016இலை வந்த பொருத்து வீட்டுக் கதை ஞாபகமோ? 65,000 இரும்பு வீடு, ஒண்டு 21 இலட்சம் எண்டினம். அந்தக் காசுக்கு ரெண்டு கல்வீடு கட்டலாமெண்டு சனமே கணக்குப் பாத்துச் சொல்லிச்சுது. சூடு, துரு, பிறகொரு சுவர் இணைக்கேலாது. உங்கடை கொந்துறாத்துக்காரன் காட்டின பளபளக்கிற வீட்டுப் படங்களைப் பாக்க அதுதான் ஞாபகம் வந்தது.

பகிடியை விடுவம். மலையிலை வீட்டை விட நிலம்தான் பெரிய பிரச்சினை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பாத்துச் சரியெண்டு சொல்லாத சரிவிலை ஒரு கல்லும் வைக்காதை. சரிவை வெட்டி, வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி அதுக்கு மேலை அத்திவாரம் போட்டால், அடுத்த மாரியிலை அது இறங்கும். கூரைத்தண்ணியைப் பீலியாலை வாய்க்காலுக்குக் கொண்டுபோக வேணும், சரிவிலை விடக்கூடாது. தாங்குசுவரும் வடிகாலும் உங்கடை மதிப்பீட்டிலை ஒரு வரியும் இல்லை. தோட்டத்து நிலம் லயத்து (தோட்டத் தொழிலாளரின்ரை வரிசை வீடு) ஆக்களின்ரை பேரிலை இல்லை. இந்திய வீட்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி எண்டு பிரிச்சுக் குடுத்துத்தான் கட்டினது. உங்கடை 12 குடும்பத்துக்கும் காணிக் கடிதம் கையிலை இருக்கோ? இதைத் தலைவரிட்டைக் கேட்டு எழுது. அதுவரைக்கும் காசு கனடாவிலேயே கிடக்கட்டும்.

வரைபடத்தை அனுப்பு, பாக்கிறன். பெரியவருக்கெண்டு இனிப்புப் பெட்டி அனுப்பினாயோ, திருப்பி அனுப்புவன்.

உன்ரை,
"ஸ்கேல்"