செயலாளர் ஆண்டறிக்கை: குதிரைவெட்டி குளிர்கால முகாம்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இவ்வாண்டும் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். 2011இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக நம்மவர்கள் இந்த முறையும் குளம் குளமாகப் போய்வந்தார்கள். இமயமலையைத் தாண்டி கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளை முதல்முறையாகப் பார்த்த பிள்ளைகள், அடுத்த கூட்டத்துக்குத் தாமாகவே வந்து உட்கார்ந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. சரி, மீதி இடத்தை மலை முகாமுக்கே ஒதுக்குகிறேன்.

வனத்துறை அனுமதியுடன் தை மாதம் திருநெல்வேலி மாவட்ட மேற்குத் தொடர்ச்சி மலையில் மணிமுத்தாறு வழியாக ஏறினோம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து தாண்டி குதிரைவெட்டியில் தங்கல். கொண்டல் மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, ஓய்ந்து வாடை வீசத் தொடங்கியிருந்தது. பகலில் நல்ல வெயில், வானத்தில் மேகமே இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்த நினைப்பில் ஒற்றைப் போர்வையோடு வந்தவர்கள் முதல் இரவே நடுங்கிப்போனார்கள். மேகம் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வேகமாக இழந்துவிடுகிறது. பகல் வெயிலைப் பார்த்து இரவுக் குளிரைக் கணிக்க முடியாது.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டவே இரண்டு வெப்பமானிகள் கொண்டுபோயிருந்தோம். ஒன்றை மேட்டில் தங்கும் விடுதிப் பக்கமும், இன்னொன்றை ஓடைக்கரைப் பள்ளத்திலும் தொங்கவிட்டோம். விடியற்காலையில் பள்ளத்தில் இருந்ததுதான் குறைவாகக் காட்டியது. மேலே போகப் போகக் குளிர் கூடும் என்று படித்த பிள்ளைகள் இதை நம்பவில்லை. மறுநாள் தாங்களே போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது. காற்றோட்டம் இல்லாத இரவில் அது சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். காலையில் காட்சிமுனையிலிருந்து பார்த்தபோது காரையாறு அணைப் பக்கம் முழுக்கப் பனிமூட்டம், நாங்கள் நின்ற இடத்தில் வெயில். பாடமாக நடத்தியிருந்தால் இந்த அளவுக்கு மனதில் நின்றிருக்காது.

உயிரினங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை சின்னஞ்சிறு வலசைப் பறவைகள். சாம்பல் வாலாட்டி ஓடைப் பாறைதோறும் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடியது. கொடிக்கால் வாலாட்டியோ வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். இந்த ஒன்றை வைத்தே பிள்ளைகள் அதைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மரங்களின் உச்சிக் கிளைகளில் இலைக்கதிர்குருவிகள் ஓயாமல் புழு பொறுக்கின. வடக்கே கூடு கட்டும் இவை இங்கே வெறுமனே சுற்றித் திரிவதில்லை. குளிர்காலத்திலும் தனக்கென்று எல்லை வகுத்துக் காக்கின்றன. திரும்பும் வழியில் அடிவாரப் புதர்க்காட்டில் அந்தி வேளையில் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்டது. பங்குனி, சித்திரைக்குள் இவையெல்லாம் வடக்கே கிளம்பிவிடும்.

காக்காச்சியில் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்றை வெகுநேரம் பார்த்தோம். இந்த மழைக்காட்டில் வெடிப்பலா மரம் அவற்றுக்கு முக்கியமான உணவு. பூவையும் தின்னும், காயைப் பிளந்து விதையையும் தின்னும். பெரிய இருவாச்சி ஜோடி ஒன்று தலைக்கு மேலே பறந்தபோது, சிறகோசை பறவைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. அவை கூடு கட்டும் காலம் நெருங்கிவிட்டது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டபின், குஞ்சு வளரும்வரை ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். அதனால் பொந்துள்ள பெரிய மரங்கள் பக்கம் போகவேண்டாம் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். மிளா, காட்டுமாடு, யானைத்தடம் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. அட்டைக்கடி இந்த மாதத்தில் குறைவு.

முகாமைக் கோடை விடுமுறைக்கு மாற்றினால் இன்னும் நிறையப் பேர் வரலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் மாற்றக்கூடாது என்பதே என் கருத்து. கோடை காட்டுத்தீக் காலம். வலசைப் பறவைகளும் போயிருக்கும். அதைவிட முக்கியம், ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் எழுதினால்தான் நம் பதிவேட்டை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, மாஞ்சோலையில் 50 செ.மீ.க்கு மேல். மலையில் பெய்தது ஆற்றில் இறங்க எவ்வளவு நேரமாகும், எந்த ஓடை எப்போது வற்றும் என்பதெல்லாம் அம்பை முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எல்லோருக்கும் வேண்டிய செய்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட வேலை நின்றதிலிருந்து தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. முன்பு வழியில் நின்று தேநீர் குடித்த இடத்தில் பேச ஆளில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மலையின் மழையையும் பனியையும் தினமும் பார்த்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். எந்தக் காற்றுக்குப் பின்னால் மழை வரும், யானை எந்த மாதம் எந்தப் பாதையில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கீழே வந்து குடியேறிய பெரியவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொல்வதை எழுதிவைக்க வேண்டும். மலையில் வாழும் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் மூத்தவர்களிடமும் அப்படியே. இதை வரும் ஆண்டின் முதல் வேலையாக வைத்திருக்கிறேன்; எழுதத் தெரிந்த, பொறுமையாகக் கேட்கக்கூடிய உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

அனுமதி தந்து உடன் வந்த வனப் பணியாளர்களுக்கும், வழிகாட்டிய காணி இளைஞர்களுக்கும், முகாமில் சமைத்துப் போட்ட அண்ணாச்சிக்கும் சங்கத்தின் நன்றி. முகாம் தை மாதமே தொடரவும், ஒரு மழைமானியும் கூடுதல் வெப்பமானிகளும் வாங்கவும் ஒப்புதல் தந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்