பெண் குழந்தையின் பெயரை முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண் குழந்தைகளுக்கு வாயில் நுழையாத பெயர்களை வைக்கிறார்கள் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இளம் பெற்றோரைக் கண்டித்துவிட்டு அவர் கடிதத்தை முடித்துவிட்டார். என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. நான் பினாங்கில், செபராங் பிறைப் பக்கம், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியையாக நெடுங்காலம் வேலை பார்த்தவள். அண்மையில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, எங்கள் வீட்டிலும் பெயர்ப் பேச்சு நடந்து முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் ஆசிரியைக்கு முதல் வேலை, மேசையில் ஒட்டப் பெயர் அட்டை எழுதுவது. கையில் இருப்பது பிறப்புப் பத்திரத்தின் நகல். அதில் பெயர் ரோமன் எழுத்தில் மட்டும்தான் இருக்கும். என், ஐ, எல், ஏ என்று இருந்தால் அது நிலாவா, நீலாவா? வி, ஏ, எல், எல், ஐ என்றால் வள்ளியா, வல்லியா? பிள்ளையைக் கேட்டால் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லும். அம்மாவுக்குப் போன் போட்டால், "நீங்களே பார்த்து எழுதிக்கோங்க டீச்சர், தமிழ்ல எப்படி வரும்னு எங்களுக்குத் தெரியல" என்று பதில் வந்ததுண்டு. அந்த அம்மா அக்கறையில்லாதவர் அல்லர். கர்ப்பமாக இருந்த மாதமெல்லாம் நல்ல அர்த்தமுள்ள பெயராகத் தேடியிருப்பார். தேடியது முழுக்க ரோமன் எழுத்திலேயே நடந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு பிள்ளை முதன்முதலில் எழுதிப் பழகுவது தன் பெயரை. அதை ஆசிரியை ஊகித்து எழுதிக்கொடுக்கும் நிலை எனக்கு எப்போதும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்துக் காலத்தில் இப்படி நடந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. நம் பாட்டிமார் பெரும்பாலோருக்கு ரோமன் எழுத்து தெரியாது. அவர்கள் வாயால் சொன்னதைத் தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். என் அம்மாவின் பெயர் சரஸ்வதி, பத்திரத்தில் சரஸ்பதி. லட்சுமிகள் லெட்சுமியாகவும் லெச்சுமியாகவும் ஆளுக்கொரு எழுத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கு விண்ணப்பப் பாரத்தை நிரப்புவது நாமே. அப்படியிருக்க, அந்தப் பேனாவை வலியப் போய் எண்கணித ஜோதிடரிடம் கொடுக்கிறோம். அவர் ஒரு 'எச்' கூட்டுகிறார், ஒரு 'ஐ'யை இரண்டாக்குகிறார். கூட்டுத்தொகை சரியாக வந்துவிடுகிறது. பெயரை யாராலும் படிக்க முடியவில்லை. அந்த எழுத்துக்கூட்டலோடுதான் குழந்தை மைகிட் என்ற சிறுவர் அடையாள அட்டை வாங்க வேண்டும், 12 வயதில் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். நம் நாட்டில் திருமணமானாலும் பெண்ணின் பெயர் அடையாள அட்டையில் மாறுவதில்லை. ஆயுசு முழுக்க எல்லா முகப்பிடத்திலும் எழுத்தெழுத்தாகச் சொல்லப்போவது அவள்தான்.

அப்புறம் நட்சத்திர எழுத்து. இதை மரபு என்று நினைத்துப் பலர் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறார்கள். என் பேத்தி திருவாதிரையில் பிறந்தாள். பஞ்சாங்கத்தில் அந்த நட்சத்திரத்துக்குக் கொடுத்திருப்பது கு, க, ங, ச. 'ங'வில் எந்தப் பெயரைத் தொடங்குவது? ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழில் டகரத்தில் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் இலக்கணம். ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த முறைப்படி தமிழ்ச் சொல்லில் பெயர் வைக்கவே வழியில்லை. அவர்கள் எங்கே போவார்கள்? எங்கோ ஒரு பட்டியலில் இருந்து, அர்த்தம் இன்னதென்று அங்கே போட்டிருப்பதை நம்பி, ஒரு ஓசையை எடுத்து வருகிறார்கள். வடமொழிப் பெயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரஸ்வதியின் மகள் அப்படிச் சொல்ல முடியுமா? தெரிந்து வைத்த பெயராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

நட்சத்திரம் வேண்டும் என்றால் நட்சத்திரத்தின் பெயரையே வைக்கலாமே. ரோகிணி, ரேவதி, சுவாதி எல்லாம் அப்படி வந்தவைதாம். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை முதலில் ஜோதிடர் கொடுத்த சீட்டோடு வந்தார். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, பொறுமையான பிள்ளை. நான் ஆதிரை என்றேன். மணிமேகலையில் வரும் ஆதிரையின் கதையைச் சொன்னேன். அமுதசுரபி கையில் கிடைத்ததும் மணிமேகலை முதல் பிச்சை வாங்கப் போனது இந்த ஆதிரையின் வீட்டு வாசலுக்குத்தான். உலகம் முழுவதும் பசிப்பிணி நீங்கட்டும் என்று சொல்லி அவள் சோறிட்ட பிறகே அந்தப் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாமல் ஊருக்குச் சோறு போட்டது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அவ பெரிசானதும் நானே அவளுக்குச் சொல்லலாம், அத்தை" என்றார். சீட்டைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

எழுத்துக்கூட்டலையும் உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒரே ஒரு 'ஏ' போட்டுப் பார்த்தோம். நாளைக்கு ஓர் ஆசிரியை அதை 'அதிரை' என்று படித்துவிடலாம். அதனால் இரண்டு 'ஏ'. கிளினிக்கில் மலாய்த் தாதி 'ஆட்டிராய்' என்று கூப்பிடுகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை, அவர் நாக்குக்கு வந்த அளவில் சரியாகவே கூப்பிடுகிறார். ழகரம் உள்ள பெயர் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 'இசட் எச்' போட்டால் மலாய், சீன நண்பர்கள் 'ஸ' என்கிறார்கள். நம் ஊரில் முன்பு தேன்மொழி, கயல்விழிகளுக்கு 'எல்' போட்டு எழுதியது தவறு என்பார்கள். கூப்பிடுகிறவர் வாயில் அதுதான் பக்கத்தில் வருகிறது. என் ஓட்டு 'எல்'லுக்கே.

பழங்கதைப் பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பெயர்கள் உண்டு. கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் 1943இல், பதின்ம வயதில், நேதாஜியின் அழைப்பைக் கேட்டு, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் துணைத் தளபதியாக உயர்ந்தவர். பின்னாளில் நம் மேலவை உறுப்பினர். 2014இல் மறைந்தார். என் வகுப்பில் இருந்த ஒரு ஜானகிக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. அவள் தாத்தா சொல்லிக் கொடுத்திருந்தார். பெயர் கூப்பிடும்போது அவள் எழுந்து நிற்கும் விதமே தனி.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு பெண் பெயரைத் தமிழிலும், நம் நாட்டுப் பாரத்தில் எழுத ஏற்ற ரோமன் எழுத்திலும், அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றி நாலு வரியோடும் வெளியிடுங்கள். இலக்கியத்தில் இருந்து பாதி, இந்நாட்டு வரலாற்றில் இருந்து பாதி என்று இருந்தால் நல்லது. பெயர் சூட்டு விழா அறிவிப்புகளிலும் குழந்தையின் பெயரைத் தமிழ் எழுத்தில் கேட்டு வாங்கிப் போடலாம்.

பெற்றோருக்கு: பதிவிலாகாவுக்குப் போவதற்கு முன் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள். மலாய்க்காரப் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிப் பாருங்கள். நமக்குப் பழகிப்போன 'பாலா' அவர்கள் மொழியில் பேரிடர். பிறகு, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் நாளில், பத்திர நகலின் பின்பக்கம் பெயரைத் தமிழில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு